பரீனா தாத்தா எடுத்து வைத்த புத்தகம்

செய்தி வந்தபோது நான் எத்தாளையில் ஒரு காரியாலயத்துத் தரையில் இருந்தேன். முன்னால் போட்டோகொப்பி மெஷின் வயிற்றைத் திறந்தபடி கிடந்தது. கையெல்லாம் டோனர் கறுப்பு. டெலிபோனை முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். பேசியது பரீனா தாத்தாவின் தம்பி றிஸ்வி.

"தாத்தா மவ்த்தாகிட்டா. சுபஹுத் தொழுகைக்கு எழும்பி வுழு எடுக்கப் போன இடத்துல விழுந்திட்டா. லுஹர் தொழுதிட்டு அடக்க எடுக்கிறம்."

இறப்புச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹி சொன்னேன். வாய்தான் சொன்னது. மனம் வேறொன்றைச் சொன்னது, அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத முடியாது. அப்படியென்றால் என் மனைவி நுஹாவுக்கென்று அவர் எடுத்து வைத்த புத்தகம் எது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மனிசி போய்விட்டார், நான் என் காரியத்தை நினைத்தேன். அவர் இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிக் குத்தியிருப்பார்.

பரீனா தாத்தாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மதுரங்குளிச் சந்தியில் கொழும்பு பஸ் நிற்கும் பக்கத்தில் கொப்பி, பென்சில், போட்டோகொப்பி என்று போர்டு போட்ட அந்தக் கடையில் உங்களில் பலர் ஏறியிருப்பீர்கள். எங்கள் ஆட்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். சந்தியில் ஆணும் பெண்ணும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள், வயது நாற்பத்தாறுதான். கடையின் பின்சுவரில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் மார்க்கப் புத்தகங்கள், மனதைத் திருத்தும் புத்தகங்கள், வாழ்க்கையில் முன்னேறச் சொல்லும் புத்தகங்கள். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும். அந்த அலுமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி அவருடைய தாவணி முடிச்சில் இருக்கும். விற்கிற சாமானைப் பூட்டி வைத்த ஒரே கடைக்காரி அவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மெஷின் கடதாசியை விழுங்குகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்த் திறந்தேன். அவர் என் தலைக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தாத்தா, வெளிச்சம் மறைக்குது."

"இது எப்ப தொடக்கம் இப்பிடி எண்டு நீங்க கேக்கவே இல்லியே தம்பி."

"கேட்டு என்ன? திறந்தா தெரியும்."

"மனுசர்கிட்டயும் இப்பிடித்தானா?"

"மனுசரத் திறக்க ஏலாதே."

"அதான், மனுசர்கிட்ட கேக்கோணும்" என்றார். எனக்கு எரிச்சல். உப்புக் காற்றில் ரோலர் கெட்டிருந்தது, மாற்றிவிட்டு எழும்பினேன். போகும்போது அலுமாரியில் ஒரு புத்தகத்தைக் காட்டி, அது வேண்டும் என்றேன். நேரத்தை எப்படிப் பிரயோசனமாகச் செலவழிப்பது என்பது பற்றியது. தர மாட்டேன் என்றார். "உங்களுக்கு நேரம் காணாமலில்ல. இருக்கிற நேரத்துல இருக்க ஏலாமத்தான் ஓடுறீங்க. அந்தப் புத்தகம் இன்னும் ஓடச் சொல்லும்." அன்று கோபத்தோடுதான் வந்தேன். ஆனால் பிறகும் போனேன். மெஷின் பழுதாகாமலும் போனேன்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒருவர் வந்து புத்தகம் கேட்டால், "என்ன பிரச்சினை?" என்று கேட்க மாட்டார். "இதுக்கு முந்தி வாசிச்சிட்டு எறிஞ்சது என்ன?" என்று கேட்பார். ஆள் சொல்லச் சொல்ல, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்பார். பிறகு ஒன்றை எடுத்து, அட்டை தெரியாமல் பிரவுன் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்து திரும்பி வரவேண்டும். வந்ததும் இரண்டு கேள்வி. எந்தப் பக்கத்தில் நிற்பாட்டினீர்கள்? நிற்பாட்டிவிட்டு என்ன செய்தீர்கள்?

ஒருநாள் நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது இறால் பண்ணை வைத்திருந்த ஒரு ஹாஜியார் வந்தார். நோய் பிடித்து இறால் எல்லாம் செத்து, ஆள் இடிந்து போயிருந்தார். மனதை வைத்தே செல்வத்தை இழுக்கலாம் என்று சொல்லும் புத்தகம் வேண்டுமாம். முன்பு வாசித்து எறிந்த மூன்றைச் சொன்னார். தாத்தா சிரித்தார்.

"மூணும் ஒண்டுதானே ஹாஜியார். கசாயம் வேலை செய்யல்ல எண்டு போத்தல மாத்திட்டிருக்கீங்க."

ஹாஜியாருக்கு முகம் சிவந்தது. இருந்தாலும் சுற்றிக் கொடுத்ததை வாங்கிப் போனார். மறுநாளே வந்துவிட்டார். முழுதையும் ஒரே இருப்பில் வாசித்து முடித்தாராம், அருமையாம். தாத்தா புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "எழும்பாம வாசிச்சீங்கண்டா அது மிட்டாய். உங்கட புத்தகம் இல்ல." வேறொன்றைக் கொடுத்தார். அடுத்த கிழமை ஹாஜியார் வந்தபோது முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"எங்க நிப்பாட்டினீங்க?"

"பதினோராம் பக்கம். அந்த மனுசன் என்னைப் பாத்து எழுதின மாதிரி எழுதிக்கிறான். கோவத்துல மூடி வச்சிட்டு பண்ணைக்குப் போனன். நோய் வந்த நாள்ல இருந்து அந்தப் பக்கம் போகவே இல்ல."

"அப்ப அது உங்கடதான். வச்சிக்கொள்ளுங்க."

இதையெல்லாம் நான் அப்போது வேடிக்கையாகத்தான் பார்த்தேன். புத்தகம் என்றால் எனக்கு மெனுவல். சரியான மெனுவலை எடுத்தால் எந்தப் பழுதுக்கும் பக்கம் இருக்கும் என்று நம்பியவன் நான்.

எட்டு மாதத்துக்கு முன் எங்களுக்கு முதல் பிள்ளை. நாள் நிறைந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மயக்கம் கொடுத்து வெட்டி எடுத்தார்கள். பிள்ளைக்கு உயிர் இருக்கவில்லை. பெண் பிள்ளை. அன்றைக்கே அடக்கினோம்.

நுஹா வீட்டுக்கு வந்தவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. தையல் ஆறியது, ஆள் ஆறவில்லை. கொடுத்தால் சாப்பிடுவாள், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டாள். ஒரு காலை, "எழும்புறதுக்குக் காரணம் ஒண்டு சொல்லுங்க, எழும்புறன்" என்றாள். தொழுகையைச் சொன்னேன். "தொழுறன்தானே, இருந்துகொண்டே" என்றாள். அவ்வளவுதான் அந்தக் கதை. அன்று தொடக்கம் எனக்குப் பயம். வேலைக்குப் போன இடத்தில் டெலிபோன் அடித்தால் வீட்டு நம்பரா என்று முதலில் பார்ப்பேன்.

எங்கள் பக்கத்தில் மவ்த்து வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சீனி, பிஸ்கட், கூடவே சின்னச் சின்னப் புத்தகங்கள். துஆக்கள், சோதனையில் பொறுமை, பொறுமையாளர்களின் கூலி. கட்டிலுக்குப் பக்கத்தில் அவை அடுக்கடுக்காகக் கிடந்தன. அதற்கு மேலே நான் வாங்கியவை. இருபத்தொரு நாளில் புதிய மனிதர் ஆகலாம் என்ற ஒன்றை வாங்கி, அதில் இருந்ததைப் பார்த்து ஒரு தாளில் கோடு கீறி, நாளுக்கு ஒரு கட்டம் போட்டு, அலுமாரிக் கதவில் ஒட்டினேன். ஒன்பதாம் நாள் நுஹா அந்தத் தாளைக் கழற்றி, நாலாக மடித்து, என் சாமான் பையில் வைத்திருந்தாள். கிழித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தாத்தாவிடம் போனேன்.

"பிள்ளைய இழந்தவங்களுக்கு நல்ல புத்தகம் ஒண்டு தாங்க. கெதியா வேலை செய்ற மாதிரி."

"பெனடோல் மாத்திரையா கேக்கிறீங்க?"

"பகிடி வேணாம் தாத்தா."

அவர் முகம் மாறியது. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். வீட்டில் என்னென்ன கிடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "இதுல நுஹா கேட்டு வாங்கினது எது?" ஒன்றும் இல்லை. "காய்ச்சல்ல கிடக்கிற ஆளுக்குச் சட்டை அளவெடுக்கிறதே பிழை. நீங்க அந்த ஆள்ட அளவ உங்கட உடம்புல எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றார். பிறகு, "அந்தப் பொறுமைப் புத்தகங்களை எல்லாம் அறையில இருந்து எடுங்க. இண்டைக்கே எடுங்க" என்றார்.

மார்க்கப் புத்தகத்தை எடுக்கச் சொல்கிறாரே என்று நான் முறைத்தேன். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். கடை தொடங்கிய காலத்தில் ஒரு பெண் வந்து, மனம் சரியில்லை, ஏதாவது வாசிக்கத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். தாத்தா ஒன்றும் கேட்காமல், நல்ல புத்தகம்தானே என்று, பொறுமை பற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். புருஷன் அடிக்கிற வீட்டை விட்டு உம்மா வீட்டுக்கு வந்திருந்த பெண் அவள். அந்தப் புத்தகத்தை வாசித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அடுத்த முறை தாத்தா அவளைப் பார்த்தது பஸ் ஹோல்டில், முறிந்த கைக்குப் பத்துப் போட்டபடி. "உங்கட புத்தகம் நல்லம் தாத்தா. அது இல்லாட்டி நான் திரும்பிப் போயிருக்க மாட்டன்" என்று சிரித்தாளாம்.

"அதுல ஒரு வரியும் பிழை இல்ல தம்பி" என்றார் தாத்தா. "எல்லாம் உண்மை. அவவுக்கு இல்லாத உண்மை. பொறுமை காணாதவங்களுக்கு அது மருந்து. அவகிட்ட தேவைக்கு மேல இருந்திச்சு. நான் இன்னும் கொஞ்சம் ஊத்திக் குடுத்தன்." அதற்குப் பிறகுதான் அலுமாரிக்குப் பூட்டு. அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. கவுண்டரில் கிடந்த பேனைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடி போட்டார். மூடி போட்ட பேனைகளுக்கும் மறுபடி கழற்றிப் போட்டார்.

நுஹாவைத் தன்னோடு டெலிபோனில் பேசச் சொன்னார். புதன்கிழமைகளில், அசர் தொழுகைக்குப் பிறகு. நுஹா மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். எடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நின்றால் "ம்" என்பது மட்டும் கேட்கும். ஒவ்வொரு வியாழனும் நான் சந்திக்குப் போய் நிற்பேன்.

"புத்தகம் ஆச்சா?"

"பொறுங்க."

"எத்தன கிழமைக்கு?"

"பார்ட்ஸ் வரணும் எண்டு என்னை ஒரு மாசம் பொறுக்கச் சொன்ன ஆள் தானே நீங்க."

இரண்டு மாதம் போயிற்று. கடைசித் திங்கட்கிழமை அவரே கோல் எடுத்தார். "நுஹாவுக்கு எடுத்துச் சுத்தி வச்சிட்டன். வெள்ளிக்கிழமை அவவையும் கூட்டிட்டு வாங்க. அவட கையிலதான் குடுப்பன்." நுஹாவிடம் சொன்னேன். ஓம் என்றாள். எட்டு மாதத்தில் வெளியே போக அவள் சொன்ன முதல் ஓம். உடுப்பை மடித்து வைத்தாள். வியாழக்கிழமை தாத்தா மவ்த்து.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். பெண்கள் உள்ளே, நாங்கள் வெளியே பந்தலில். அந்நிய ஆண்களுக்கு மவ்த்தான பெண்ணின் முகத்தைக் காட்ட மாட்டார்கள், அது சரிதான். சந்தூக்குப் பெட்டி வந்தது, தோள் கொடுத்தேன், மூன்று பிடி மண் போட்டேன். திரும்பி நடக்கும்போது அவருடைய முகத்தை நினைவில் கூட்டப் பார்த்தேன். நெற்றியில் ஏறிய கண்ணாடி வந்தது, குரல் வந்தது, முகம் வரவில்லை. ஒருதரம் பார்த்திருந்தால் போதும் போல இருந்தது. பள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் றிஸ்வி கடையைத் திறந்து தந்தான். கவுண்டருக்குக் கீழே இழுத்துத் திறக்கும் லாச்சியில் பிரவுன் பேப்பர் பொட்டலங்கள் ஒன்பது இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. முன்பு நான் அவரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். ஒரு லேபல் ஒட்டினால் என்ன, எவ்வளவு லேசு என்று. "பேர் எழுதினா, வந்து வாங்குற வரைக்கும் அந்த ஆள் மாறக்கூடாது எண்டு ஆகிரும்" என்றார். எல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. தலை மண்ணுக்குள் போய்விட்டது.

"எல்லாத்தையும் கொண்டு போ மச்சான்" என்றான் றிஸ்வி. கொண்டு வந்தேன். நுஹா தூங்குகிறாள் என்று நினைத்து, குசினி மேசையில் வைத்து ஒன்பதையும் பிரித்தேன். பேப்பரைக் கிழித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று. கோபத்துக்கு ஒன்று. தஸ்பீஹ் பற்றி ஒன்று. கடன்பட்டவர்களுக்கான துஆக்கள். சிங்களத்தில் தியானம் பற்றி ஒன்று. விதவைகளுக்கு. குடியை விட்டவர் ஒருவர் எழுதியது. கடைசி இரண்டும் துக்கம் பற்றியவை. இதுவா அதுவா? ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எங்காவது ஒரு மடிப்பு, ஒரு கோடு, ஒரு பென்சில் குறி. ஒன்றுமில்லை. மேசையில் தலையை வைத்துவிட்டேன்.

நுஹா வாசலில் நின்றாள்.

"ஏன் பிரிச்சீங்க?"

"எது உன்டது எண்டு தெரிய வேணாமா?"

"நான் போய் வாங்கியிருக்கோணும். நீங்க பிரிச்சிட்டீங்க." குரல் உயர்ந்தது. "எல்லாத்தையும் கெதியா முடிக்கோணும் உங்களுக்கு. எல்லாத்தையும். என்னைக் கேக்காம."

நான் துக்கப் புத்தகம் இரண்டையும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"தாத்தா என்கூட புத்தகம் பத்தி ஒரு நாளும் கதைச்சதில்ல."

"அப்ப இவ்வளவு நாளும் என்ன கதைச்சீங்க?"

"உனக்கு என்ன தெரியாமக் கிடக்கு எண்டு கேட்டா. ஒவ்வொரு கிழமையும் அத மட்டும்தான் கேட்டா. தாத்தா புத்தகம் சுத்த முந்தின புதன்தான் நான் சொன்னன்."

"என்ன சொன்ன?"

"பிள்ளட முகம்."

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மையித்தை அடக்கத் தாமதிக்கக் கூடாது என்பார்கள். எனக்கும் எதையும் தாமதிக்கப் பிடிக்காது. நுஹாவுக்கு மயக்கம் தெளிய இன்னும் நேரம் எடுக்கும் என்று நர்ஸ் சொன்னார், தாய் பார்த்த பிறகு எடுக்கலாமே என்றும் சொன்னார். என் மாமா, தாய் பார்த்தால் மனது உடையும் என்றார். எனக்கு அது தோதாக இருந்தது. கையெழுத்து வைத்தேன். துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். அசருக்கு முன் அடக்கிவிட்டோம். நுஹா கண் திறந்தபோது என் கால்சட்டை முழங்காலில் மையவாடி மண் இருந்தது. எல்லாம் முடிந்தது, கவலைப்படாதே என்று சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்த ஆள் வீட்டிலே நான் ஒருவன்தான். அதைப் பற்றி ஒரு சொல் நான் சொன்னதில்லை. சொன்னால் அவள் உடைவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நான் உடைவேன் என்று பயந்தேன்.

அந்த ஒன்பதில் எது நுஹாவினுடையது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது தாத்தா ஒன்றை எடுத்து வைத்திருந்தால், பிரித்ததற்கு மாப்புத் தாருங்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள். உங்களுடையது எதுவென்று என்னிடம் கேட்காதீர்கள். கையில் எடுத்துப் புரட்டி, எங்கே நிற்க வேண்டி வருகிறதோ பாருங்கள்.

தாத்தா போன பிறகு ஒன்றும் சரியாகிவிடவில்லை. நுஹா மறுபடி அறைக்குள் போய்விட்டாள். அந்தக் கோபம் நல்லதா கெட்டதா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. சந்தியில் பஸ் நிற்கும்போது கடை பூட்டிக் கிடப்பது தெரிகிறது, நான் மற்றப் பக்கம் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வி. அவர் நுஹாவிடம் கேட்டது, நான் எட்டு மாதமாகக் கேட்காதது. உனக்கு என்ன தெரியாமல் கிடக்கிறது? அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு யாரும் காட்டித் தரவில்லை. தெரிந்த விதத்தில் செய்தேன். பையில் இருந்த வேலைச் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில், பழுது பார்த்த மெஷினுக்கு எழுதுவது போலவே எழுதினேன்.

நீளம், என் முழங்கையில் இருந்து விரல் நுனி வரை. முடி நிறைய, ஈரம், கறுப்பு. வலது காதின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே மடிந்திருந்தது. மூக்கு உன்னுடையது. உதடு யாருடையது என்று தெரியவில்லை. இடது கை பொத்தியிருந்தது, நகம் வளர்ந்திருந்தது, துணியில் ஒருதரம் கொழுவிக்கொண்டது, நான் மெதுவாக எடுத்துவிட்டேன்.

நுஹாவிடம் கொடுத்தேன். கட்டிலில் இருந்தபடி வாசித்தாள். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள். காது என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "கண் என்ன நிறம்?" என்று கேட்டாள்.

மூடியிருந்தது, திறந்து பார்க்கவில்லை, தெரியாது என்றேன்.

"சரி" என்று தாளை என்னிடம் நீட்டினாள். "அதையும் எழுதுங்க."